டாஸ்மாக் பாரில் நல்ல சைட் டிஷ்ஷைத் தேடிப் பிடிப்பது எப்படி?

தமிழ்நாட்டில் டாஸ்மாக் கடையை ஒட்டிப் பார் நடத்துகிறவருக்கு மது விற்கும் உரிமை கிடையாது என்பது அங்கே தினமும் போய் வருகிற பலருக்கே தெரியாது. 1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு பாட்டிலை அரசுக் கடையின் கம்பி வலைக்குள்ளிருந்துதான் வாங்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பாரை ஒப்பந்தப்புள்ளி வழியாக எடுப்பவருக்குக் கிடைக்கும் உரிமம் தின்பண்டம் விற்பதற்கும் காலி பாட்டில்களைச் சேகரிப்பதற்கும் மட்டுமே உரியது. அவருடைய வருமானம் தண்ணீர், டம்ளர், காலி பாட்டில், சைட் டிஷ் ஆகியவற்றில் அடங்கிவிடுகிறது. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கும் திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கி வேறு மாவட்டங்களுக்கும் விரிந்திருப்பதால், அத்தகைய ஊர்களில் பாட்டில் வருமானமும் சுருங்கிவிட்டது. மிஞ்சியிருப்பது அடுப்பு ஒன்றுதான்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டவர்கள் பாரில் நல்ல சாப்பாடு கிடைப்பதை அதிசயமாகக் கருத மாட்டார்கள். அதே பாட்டில் அதே விலைக்கு அடுத்த கடையிலும் கிடைக்கும்போது, வாடிக்கையாளரைத் தன் பாருக்குள் உட்கார வைக்க நடத்துகிறவரிடம் இருப்பது தட்டில் வருவது மட்டுமே. குடித்தவனுக்கு நாக்கு ஏது என்று நினைத்துக் கண்டதையும் பொரித்துக் கொடுக்கிறவர்களே எண்ணிக்கையில் அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பகல் முழுவதும் உழைத்துவிட்டு வருகிற மனிதன் அந்த ஒரு தட்டைத்தான் அன்றைய நல்ல சாப்பாடாக நினைக்கிறான் என்று அறிந்து சமைக்கிற பார்களும் உண்டு. தகரக் கூரையையும் ஈரத் தரையையும் கால் ஆடும் மேசையையும் பொறுத்துக்கொண்டு அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியை, நான் பல ஊர்களில் பட்டுத் தெரிந்துகொண்ட அளவில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது பாரை அல்ல, பாருக்கு அருகில் என்ன இருக்கிறது என்பதை. ஆட்டுச் சந்தை, மீன் இறங்குதுறை, காய்கறி மொத்த மார்க்கெட், லாரி நிறுத்துமிடம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் பார்களில் சரக்குப் புதிதாக வந்து சேரும் வாய்ப்பும், ருசி தெரிந்த வாடிக்கையாளர்கள் உட்காரும் வாய்ப்பும் சேர்ந்து அமைகின்றன. மீன் ஏலம் எடுப்பவரிடம் பழைய மீனைப் பொரித்துக் கொடுத்துவிட்டு எந்தச் சமையல் மாஸ்டரும் தப்ப முடியாது. பேருந்து நிலையத்தை ஒட்டிய பாரில் உட்காருகிறவர் பெரும்பாலும் வழிப்போக்கர்; அவர் மறுபடி வரப் போவதில்லை என்பது சமையலறைக்குத் தெரியும், சமையலிலும் அது தெரியும். தெருவுக்குள் ஒளிந்திருக்கும் பாருக்குத் தினமும் அதே முகங்கள் வருவதால், அங்கே ஒரு நாள் உப்புக் கூடினாலும் மறுநாள் அதைப் பற்றிய பேச்சு வரும்.

இரண்டாவதாக, உட்கார்ந்திருப்பவர்களின் மேசைகளைப் பாருங்கள். எல்லா மேசைகளிலும் மிக்சர் பொட்டலமும் வெள்ளரித் துண்டும் தண்ணீர் பாட்டிலும் மட்டுமே இருந்தால், அந்தப் பாரில் சமையல் என்று ஒன்று நடக்கவில்லை என்று பொருள். ஒரே பதார்த்தம் நான்கைந்து மேசைகளில் தென்பட்டால் அதுவே அந்த மாஸ்டரின் கைப்பதம். பாட்டில் எதுவும் இல்லாமல் சாப்பிட மட்டும் வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கிற ஒருவரைக் கண்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். அவர் பெரும்பாலும் பக்கத்துப் பட்டறைக்காரராகவோ ஆட்டோ ஓட்டுநராகவோ இருப்பார். அவருக்கு முன்னால் இருக்கும் தட்டில் உள்ளதையே நீங்களும் கேட்கலாம்.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். கடையும் பாரும் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடப்படுகின்றன. கூட்டம் சேருவது மாலை 7 மணிக்கு மேல். ஆனால் சமையல் நன்றாக இருப்பது பகல் 12 முதல் 2 வரை. ஆட்டின் குடலும் ஈரலும் ரத்தமும் விடியற்காலையில் வெட்டப்பட்ட ஆட்டிலிருந்து அன்று காலையே வந்து சேருகின்றன. குளிர்ப்பெட்டி இல்லாத, இருந்தாலும் அதில் ஐஸ் கட்டியும் தண்ணீர் பாட்டிலும் மட்டுமே அடங்குகிற சமையலறையில் அவை மாலைவரை காத்திருக்கக் கூடாதவை. ஞாயிற்றுக்கிழமை ஊரெங்கும் ஆடு அதிகமாக வெட்டப்படுவதால் அன்று பகலில் தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். புரட்டாசி மாதத்தில் கறிக்கடைகளில் விற்பனை மந்தமாக இருப்பதால், தேங்கிய சரக்கு பாருக்கு வந்து சேரக்கூடும் என்ற எச்சரிக்கையோடு போக வேண்டும். காந்தி ஜெயந்தி, குடியரசு நாள், சுதந்திர நாள், மே நாள், திருவள்ளுவர் நாள் முதலிய நாள்களில் கடை அடைப்பு. அதற்கு மறுநாள் பகல் போனால் அடைப்புக்கு முன்பு மீந்த எண்ணெயும் மசாலாவும் காத்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

உள்ளே போனதும் உட்காராமல், கை கழுவுவதற்கு என்று சொல்லிச் சமையலறைப் பக்கம் போய் வாருங்கள். கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. உரித்த சின்ன வெங்காயம் ஒரு பாத்திரத்தில் குவிந்திருந்தால் அது மிக நல்ல அறிகுறி. சின்ன வெங்காயம் உரிப்பதற்குக் கூலி கொடுக்கிறவர், அல்லது தானே உட்கார்ந்து உரிக்கிறவர், மற்றவற்றில் சோம்பேறியாக இருப்பது அரிது. கறிவேப்பிலை கொத்தாக இருக்கிறதா, அம்மியோ மிக்சியோ பயன்பாட்டில் இருக்கிறதா, சிவப்புப் பொடி டப்பா எவ்வளவு பெரியது என்பவற்றையும் கவனியுங்கள். மிளகாய்த் தூளின் சிவப்பு எண்ணெயில் கலந்து பழுப்புக்கு மாறும். செயற்கை நிறத்தின் சிவப்போ கோழித்துண்டிலிருந்து விரலுக்கு இறங்கி, கழுவினாலும் நகக்கண்ணில் நிற்கும். எண்ணெயைப் பொறுத்தவரை, 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் உணவுப் பாதுகாப்பு விதி, பொரித்த எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் கேடான துருவப் பொருள்கள் (போலார் காம்பவுண்ட்ஸ்) 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. அதை அளக்கும் கருவி நம்மிடம் இல்லையென்றாலும், எண்ணெய் கறுத்து, பாகுபோலக் கெட்டியாகி, பொருளைப் போட்டதும் எழும் நுரை அடங்காமல் நின்றால் பொரித்த எதையும் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்வதற்குக் கண்ணே போதும். அன்று தோசைக்கல்லில் வதக்கியவற்றை மட்டும் சாப்பிடலாம்.

பிறகு சோதனைக்கு ஒரு முட்டை. கொங்குப் பகுதியானால் கலக்கி கேளுங்கள். மற்ற ஊர்களில் ஆஃப் பாயிலோ கரண்டி ஆம்லெட்டோ போதும். கலக்கி என்பது முட்டையை உப்பும் மிளகும் ஒரு கரண்டிக் குழம்பும் சேர்த்து அடித்து, சூடான கல்லில் ஊற்றி, இறுகுவதற்குள் மடித்து எடுத்துவிடுவது. ஒரு நிமிட வேலைதான். ஆனால் அந்த நிமிடத்தில் கல் சுத்தமாக இருக்கிறதா, மாஸ்டருக்குச் சூடு பிடிபட்டிருக்கிறதா, குழம்பு இன்று வைத்ததா நேற்றையதா என்ற மூன்றும் வெளிப்பட்டுவிடும். விலையும் குறைவு. கலக்கி ரப்பர்போல வந்தால் கடலையைக் கொறித்துவிட்டு எழுந்துவிடலாம், பெரிய நட்டமில்லை.

முட்டை தேறிய பிறகுதான் அடுத்ததைக் கேட்க வேண்டும், அதுவும் என்ன வேண்டும் என்று சொல்லாமல் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். சப்ளையரிடம் "அண்ணே, இன்னிக்கு என்ன புதுசா வந்துச்சு?" என்று கேட்டால் வருகிற பதில், சுவரில் எழுதியிருக்கும் பட்டியலைவிட நம்பத்தக்கது. பட்டியலில் முப்பது பெயர் இருக்கும். அடுப்பில் இருப்பது நான்கு. கேட்ட கேள்விக்கு அவர் யோசிக்காமல் "எல்லாம் இருக்கு சார்" என்றால் எதுவும் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். "போட்டி இருக்கு, ஈரல் முடிஞ்சுது, நெத்திலி சொன்னா அஞ்சு நிமிஷம்" என்று பிரித்துச் சொல்கிறவரை நம்பலாம் (போட்டி என்பது ஆட்டுக்குடல்). விலையையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது. கணக்குத் தீர்க்கும் நேரத்தில் கேட்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

என் அனுபவத்தில் பாரில் தேடத்தக்கவற்றில் தலையாயது ஆட்டின் உள்ளுறுப்புகளே. கறிக்கடைக்காரர்கள் வேடிக்கையாக ஸ்பேர் பார்ட்ஸ் என்று சொல்லும் குடல், ஈரல், சுவரொட்டி, தலை, ரத்தம் ஆகியவற்றைச் சுத்தம் செய்து சமைக்கிற பொறுமை இன்று பல வீடுகளில் இல்லை. மேல்தட்டு உணவகங்களிலும் அவற்றுக்கு இடம் குறைவு. விலை மலிவாகவும் வேலை அதிகமாகவும் உள்ள இந்தப் பொருள்கள், வேலைக்கு அஞ்சாத மாஸ்டர் இருக்கும் பாருக்கு வந்து சேருவது இயல்பு. போட்டி என்று அழைக்கப்படும் குடலை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, சுரண்டி, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, வேக வைத்த பிறகுதான் வறுவலுக்குப் போக வேண்டும். இந்த வேலைகளில் ஒன்றைத் தவிர்த்தாலும் வாடை நிற்கும். அதை மறைக்க இஞ்சி பூண்டு விழுதும் கரம் மசாலாவும் கையளவு கொட்டப்படும். ஆகவே தட்டு வந்ததும் முகர்ந்து பாருங்கள். மிளகும் சோம்பும் கறிவேப்பிலையும் தனித்தனியாகத் தெரிந்தால் அது சுத்தம் செய்யப்பட்ட குடல். பட்டை கிராம்பு வாசனை மட்டுமே மூக்கைத் துளைத்தால் எதையோ மூடியிருக்கிறார்கள்.

ஈரலைப் பொறுத்தவரை, கேட்ட பிறகு கல்லில் போட்டுக் கொடுப்பவரிடம் மட்டுமே வாங்க வேண்டும். சில நிமிடம் கூடுதலாகக் கிடந்தாலும் அது செருப்புத் தோலாகிவிடும் என்பதால், ஏற்கெனவே செய்து சட்டியில் வைத்திருக்கும் ஈரல் எவ்வளவு நல்ல மசாலாவில் கிடந்தாலும் பயனில்லை. சுவரொட்டி, அதாவது மண்ணீரல், ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் ஒரு நாளைக்குச் சில தட்டுகளுக்கு மேல் தேறாது. அதைப் பழகிய வாடிக்கையாளர்களுக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள்; உங்களிடம் அதை எடுத்து நீட்டினால் நீங்களும் அந்தப் பாரின் ஆளாகிவிட்டீர்கள் என்று பொருள். ரத்தப் பொரியல் பகலுக்கு மட்டும் உரியது. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்த் துருவலும் சேர்ந்து, பழுப்பு நிறத்தில் உதிரி உதிரியாக, புட்டுப்போல வர வேண்டும். கட்டி கட்டியாகப் பளபளத்தால் தொட வேண்டாம். சித்திரை வெயிலில் இரவு எட்டு மணிக்கு ரத்தப் பொரியல் கேட்கிறவரைப் பார்த்தால் எனக்கு அவருடைய துணிவின் மீது மரியாதை வருகிறது, பின்பற்றத் தோன்றுவதில்லை.

கோழியில் ஏமாறுவது எளிது. சில்லி சிக்கன், சிக்கன் 65 என்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் முன்பே பொரித்து வைத்துக் கேட்கும்போது மறுபடி பொரிக்கப்படுபவை. அதற்கு மாறாக, ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் காவிரி ஓரம் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் சிக்கனைக் கொங்குப் பகுதிப் பார்களில் கேட்டுப் பாருங்கள். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், கறிவேப்பிலை, மஞ்சள் ஆகியவற்றைத் தவிர அதில் பெரிதாக ஒன்றும் கிடையாது. மல்லித் தூளும் மசாலாத் தூளும் இல்லாததால் கோழி பழையதாக இருந்தால் ஒளிந்துகொள்ள இடமில்லை. தேங்காய்ப் பல் ஓரத்தில் இலேசாகச் சிவந்து, மிளகாயின் காரம் எண்ணெயில் இறங்கி, கோழி தன் சாற்றிலேயே வெந்திருந்தால் அந்தப் பாரின் மாஸ்டரிடம் பெயர் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாரின் உரிமம் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. ஒப்பந்தம் கை மாறினால் நடத்துகிறவர் மாறுவார், அவரோடு சமையலறையும் மாறிவிடும். பலகையும் மேசையும் அதே இடத்தில் இருக்க, ருசி மட்டும் காணாமல் போயிருக்கும். 2023 ஜூன் 22 அன்று மாநிலத்தில் இருந்த 5,329 கடைகளில் 500 மூடப்பட்டதுபோலக் கடையே இல்லாமல் போவதும் நடக்கும். எனவே பாரை நினைவில் வைப்பதைவிட மாஸ்டரை நினைவில் வைப்பது பயன் தரும். எனக்குப் பிடித்த நெத்திலி வறுவலை இதுவரை மூன்று பார்களில் சாப்பிட்டிருக்கிறேன். மூன்றிலும் அதைப் பொரித்தவர் ஒருவரே.

மீனுக்கு வருவோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாள்களில் நாட்டுப் படகில் வரும் மீன் உண்டு என்றாலும் வரத்துக் குறைவு, விலை அதிகம். பாருக்கு வந்து சேருவது ஐஸில் பல நாள் கிடந்த மீனாக இருக்கலாம். மற்ற மாதங்களில் கடலோரப் பார்களில் நெத்திலி, காரப்பொடி, மத்தி போன்ற சிறு மீன்களைக் கேளுங்கள். வஞ்சிரமும் வவ்வாலும் பெரிய உணவகங்களுக்குப் போய்விடும். சிறு மீனில்தான் பாருக்கு நல்ல பங்கு கிடைக்கிறது. நெத்திலியின் வயிறு உடையாமல், வெள்ளி நிறம் மசாலாவுக்குள் சற்றே தெரிந்து, முள்ளோடு மொறுமொறுவென்று நொறுங்கினால் அது அன்றைய மீன். உள்நாட்டில் இருப்பவர்கள் கடல் மீனைத் தேடி அலைவதைவிட அருகிலுள்ள அணையையோ ஏரியையோ பார்த்துக்கொள்வது நல்லது. மேட்டூர், பவானிசாகர் போன்ற ஊர்களில் அணை மீன் வறுவலுக்கென்றே வண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள ஓர் ஊரில், இரவு ஒன்பதரை மணிக்கு, நண்டு மசாலா சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் படுத்திருந்தவன் என்ற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

பாருக்கு வெளியே நிற்கும் தள்ளுவண்டிகளை மறந்துவிடக் கூடாது. உள்ளே இருக்கும் சமையல் தேறாத இடங்களில், வாசலில் காடையோ மாட்டுக்கறி வறுவலோ அவித்த கடலையோ விற்கிற வண்டி அருமையாக இருப்பது உண்டு. கண் முன்னால் வதக்கி, கண் முன்னால் தட்டில் போடுவதால் மறைக்க ஏதுமில்லை. வேர்க்கடலைச் சுண்டலில் மாங்காயையும் வெங்காயத்தையும் கேட்ட பிறகு நறுக்கிப் போடுகிறார்களா, அல்லது காலையிலேயே கலந்து வைத்துத் தண்ணீர் விட்டுப் போயிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். பாருக்குள் போக விரும்பாதவர்களுக்கும், போக முடியாதவர்களுக்கும் இந்த வண்டிகளே வழி. டாஸ்மாக் பார்கள் ஏறக்குறைய முழுவதும் ஆண்களின் இடமாகவே இருக்கின்றன. பெண்கள் அங்கே நிம்மதியாக உட்கார்ந்து ஒரு தட்டுச் சாப்பிட முடியாது என்பது இந்த வழிகாட்டியில் என்னால் சரி செய்ய முடியாத குறை.

இதே தேடலை எல்லை தாண்டிச் செய்வோருக்கு ஒன்று சொல்லலாம். புதுச்சேரியில் பார் நடத்துகிறவரே மதுவையும் விற்பதால் மேலே சொன்ன கணக்கு அங்கே பொருந்தாது. அங்கே சாப்பாடு நன்றாக இருந்தால் அது நடத்துகிறவரின் சொந்த விருப்பத்தால்தான். கேரளத்தில், குறிப்பாகக் குட்டநாட்டிலும் கோட்டயத்தைச் சுற்றியும், கள்ளுக்கடைச் சாப்பாடு தனியொரு சமையலாகவே வளர்ந்திருக்கிறது. அவித்த கப்பையும் (மரவள்ளிக் கிழங்கு) குடம்புளி போட்ட மீன் கறியும் தாரா (வாத்து) வறுவலும் சாப்பிடுவதற்காகவே அங்கே போகிறவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 1987இல் கள் தடை செய்யப்பட்டதால் அப்படியொரு கடை நமக்கு மிஞ்சவில்லை. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

பழக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். சாப்பிடத்தான் வருகிறீர்கள் என்பதைச் சப்ளையர் புரிந்துகொள்ள இரண்டு மூன்று வருகை போதும். கூட்டமான நேரத்தில் ஒரு தட்டுக் கடலையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் மேசையைப் பிடித்து உட்காராதீர்கள். உப்புக் குறைவு, காரம் அதிகம் என்று சொல்வதானால் மாஸ்டரிடமே, கூட்டம் இல்லாத நேரத்தில், நன்றாக இருந்ததை முதலில் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். அடுத்த முறை உங்கள் தட்டில் மாற்றம் தெரியும். சப்ளையருக்குக் கொடுக்கும் பணத்தை மேசையில் விட்டுச் செல்லாமல் கையில் கொடுப்பது நல்லது. குடிப்பதானால் சாப்பாட்டைத் தொடங்கிய பிறகு குடியுங்கள், வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு நடந்தோ ஆட்டோவிலோ வாருங்கள். 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்ககாலைத் தாண்டினாலே வாகனம் ஓட்டுவது குற்றம், அந்த அளவை எட்டுவதற்கு அதிகம் குடிக்க வேண்டியதில்லை.

வீட்டுக்குப் பார்சல் வாங்குவதானால் குடல் வறுவலும் பள்ளிபாளையம் சிக்கனும் தாங்கும். அரை மணி கழித்து வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டினால் பழைய பதத்துக்கு வந்துவிடும். நெத்திலியும் ஈரலும் கலக்கியும் பார்சலுக்கு ஆகாதவை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும், சூடான வறுவலை மெல்லிய பையில் கட்டிக் கொடுக்கிறவர்கள் இன்னும் இருப்பதால், ஓர் எவர்சில்வர் டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள். முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் வாரத்தில் டப்பாவைப் பார்த்ததும் மாஸ்டர் அடிச்சட்டியில் ஒட்டியிருக்கும் முறுகலையும் சேர்த்துச் சுரண்டிப் போடுவார்.